அன்பு இருந்தால் போதுமாம்!

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற வார இணைப்பிதழில், மாற்றுத்திறன் குழந்தைகளுக்குக் கற்பிக்கும் சிறப்பாசிரியர்களை வானளாவப் புகழ்ந்திருந்தீர்கள். நன்றி. ஆனால், "இந்தக் குழந்தைகளுக்குப் பாடம் எதற்கு, அன்பும் பொறுமையும் போதும்" என்று முடித்த வரியில்தான் மனம் சிக்கிக்கொண்டது. அவ்வளவுதான் வேலை என்றால் சிறப்புக் கல்வியில் பி.எட். எதற்கு, சிறப்பாசிரியர்களைப் பதிவுசெய்யும் இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு எதற்கு? உங்கள் நிருபரையே அனுப்பிவிடுங்கள். அவரிடம் அன்பு இல்லாமலா இருக்கும்!

என் வட்டாரத்தில் அறிவுசார் குறைபாடுள்ள ஒரு பையன், ஆறாம் வகுப்பு. சட்டை மாட்டிவிட அம்மா வர வேண்டும். எத்தனை அன்பாகச் சொன்னாலும் அவனால் பொத்தான் போட முடியாது. கடைசிப் படியிலிருந்து ஆரம்பித்தேன். பொத்தானைப் பாதிவரை நானே நுழைத்துவிடுவேன். அந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும் விளிம்பைப் பிடித்து இழுப்பது மட்டும் அவன் வேலை. எனவே, ஒவ்வொரு முறையும் வேலையை முடித்தவன் அவன்தான். அது கைவந்த பிறகு, அதற்கு முந்தைய படி. முதலில் மேசைமேல் விரித்த சட்டையில் பெரிய பொத்தான், அப்புறம் உடம்பில் போட்ட சட்டை. "நீங்க கையைக் கட்டிட்டு உட்காருங்கக்கா" என்று அவன் அம்மாவைப் பழக்கியதுதான் பெரும்பாடு. இப்போது அவனே போட்டுக்கொண்டு வருகிறான், காலர் பொத்தான் மட்டும் பாக்கி. இதில் அன்பு எவ்வளவு, படிப்பு எவ்வளவு என்று பிரித்துச் சொல்லுங்களேன்.

"தெய்வக் குழந்தைகள்" என்றும் எழுதியிருந்தீர்கள். தெய்வத்தைக் கடைசி பெஞ்சில் உட்காரவைத்து, நான் உள்ளே நுழைந்ததும், "டீச்சர், உங்க பிள்ளை வந்திருக்கான், கூட்டிட்டுப் போங்க" என்கிற பள்ளியும் உண்டு. அவன் பெயர் அந்த வகுப்பு வருகைப் பதிவேட்டில்தானே இருக்கிறது? ஆண்டுதோறும் மாற்றுத்திறனாளிகள் தினமான டிசம்பர் 3 அன்று மட்டும் அவன் முன்வரிசைக்கு வருவான், போட்டோவுக்காக.

எத்தனை குழந்தைகளுக்கு ஒரு சிறப்பாசிரியர் என்று வரையறுக்கும்படி உச்ச நீதிமன்றம் 2021இல் சொன்னதும், தொடக்க வகுப்புகளில் 10 குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்று மத்திய அரசு 2022இல் அறிவித்ததும் தங்களுக்குத் தெரியாததல்ல. பணியிடங்களை அறிவியுங்கள் என்று 2025 மார்ச்சில் அந்த நீதிமன்றம் மாநிலங்களுக்கு மறுபடியும் சொல்ல வேண்டியிருந்ததும் தெரிந்திருக்கும். நானோ பள்ளி பள்ளியாகப் போய், பள்ளிக்கே வர முடியாத பிள்ளைகளின் வீடுகளுக்கும் போகிறேன். அதுவும் தொகுப்பூதியத்தில். சேவை என்று நீங்கள் எழுத எழுத, சம்பளம் கேட்கவே கூச்சமாகிவிடுகிறது.

போகட்டும். பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் இப்பிள்ளைகளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம், சொல்வதை எழுத ஒருவர், மொழிப்பாட விலக்கு போன்ற சலுகைகள் உண்டு. குறைபாட்டைப் பொறுத்து, மருத்துவச் சான்றோடு தலைமையாசிரியர் வழியாக முன்கூட்டியே விண்ணப்பிக்க வேண்டும். ஹால் டிக்கெட் வந்த பிறகு ஓடிவரும் பெற்றோர்தான் அதிகம். இதை மட்டும் ஒரு சின்னப் பெட்டிச் செய்தியாகப் போடுங்கள். ராசிபலனுக்குக் கீழே என்றாலும் சரி.

பெயரும் ஊரும் வெளியிட வேண்டாம், தொகுப்பூதியக்காரி நான்.

இப்படிக்கு,
ஒரு சிறப்பாசிரியை