கடைசி வழி என்றால் என்னவென்று சொல்லுங்கள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் மருத்துவப் பக்கத்தில் சர்க்கரை நோயுள்ள வாசகர் ஒருவர், விறைப்புக் குறைபாட்டுக்கு மாத்திரை கேட்கவில்லை, அடுத்து என்ன செய்வது என்று கேட்டிருந்தார். “மனம் தளராதீர்கள், நடைப்பயிற்சி செய்யுங்கள், கடைசி வழியாக ஆபரேஷன் உண்டு” என்று மூன்று வரியில் முடித்துவிட்டீர்கள். அதே இதழின் வரி விளம்பரத்தில், லாட்ஜ் ரூம் நம்பரோடு பரம்பரை வைத்தியர் வருகை! ஆண்மைக் குறைவைத் தீர்ப்பதாகச் சொல்லும் இந்த மாதிரி விளம்பரங்களை 1954-லேயே சட்டம் போட்டுத் தடுத்தாயிற்று. உங்கள் விளம்பரப் பிரிவுக்கு இது தெரியாமலா இருக்கும்?

நான் மதுரையில் யூராலஜி (சிறுநீர்ப் பாதை, ஆணுறுப்பு சிகிச்சை) ஆபரேஷன் தியேட்டர் நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவள். அந்தக் கடைசி வழியைப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், அதனால் எழுதுகிறேன்.

மாத்திரை, ஊசி, வெளியிலிருந்து காற்றை உறிஞ்சி விறைக்க வைக்கும் வேக்குவம் பம்ப் எதுவும் பலிக்காதவர்களுக்கு ஆணுறுப்புக்குள் இம்பிளான்ட் வைப்பார்கள். ஒரு வகை, வளைக்கக்கூடிய இரண்டு சிலிக்கோன் தண்டுகள். மும்பை டாக்டர் ரூபின் ஷா வடிவமைத்தது நம் நாட்டிலேயே கிடைக்கிறது, செலவும் குறைவு. ஆனால் எப்போதும் விறைப்பாகவே இருக்கும், கையால் மடக்கி வைத்துக்கொள்ள வேண்டும். இன்னொன்று 1973-ல் அமெரிக்காவில் டாக்டர் பிராண்ட்லி ஸ்காட் கொண்டுவந்தது. அடிவயிற்றில் உப்புநீர்ப் பை, விதைப்பையில் சின்ன பம்ப். அமுக்கினால் உப்புநீர் உறுப்புக்குள் வைத்த குழாய்களுக்கு ஏறி விறைக்கும், வேலை முடிந்ததும் தளர்த்திவிடலாம். விலைதான் பல மடங்கு.

தியேட்டரில் எங்களுக்கு இருந்த ஒரே பயம் கிருமி. நோயாளியை மேஜையில் படுக்க வைத்த பிறகுதான் முடி எடுப்போம். கதவை அடைத்தால் யாரும் உள்ளே வெளியே போகக்கூடாது. அளவெடுத்து முடியும் வரை இம்பிளான்ட் பாக்கெட்டைப் பிரிக்க விடமாட்டார் எங்கள் சர்ஜன். பிரித்ததும் ஆன்டிபயாட்டிக் கரைசலில் முக்கி, கையுறை மாற்றிக்கொண்டு அப்புறம்தான் தொடுவார். ஒருமுறை சீழ் பிடித்தால் பெரும்பாலும் எல்லாவற்றையும் எடுத்துவிட வேண்டியதுதான். சர்க்கரையைக் கட்டுக்குள் கொண்டு வந்துவிட்டு வா என்று ஆட்களைத் திருப்பி அனுப்புவது இதனால்தான்.

டிஸ்சார்ஜ் அன்று ஒரு அம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, “வேட்டி கட்டினா வெளியே தெரியுமா சிஸ்டர்?” என்று கேட்டார். அவர் கணவருக்குத் தண்டு வகை வைத்திருந்தார்கள். கீழ்ப்பக்கமாக மடக்கி, இறுக்கமான ஜட்டி போட்டால் தெரியாது என்றேன். இதை ஆபரேஷனுக்கு முன்பே அவரையும் உட்கார வைத்துச் சொல்லியிருக்க வேண்டும். பல இடங்களில் மனைவியை வராந்தாவில் நிறுத்திவிடுகிறார்கள்.

மற்றதையும் மறைக்காமல் எழுதலாமே. உணர்ச்சியும் விந்து வெளியேறுவதும் பொதுவாக முன்பு இருந்தபடியே இருக்கும். நீளம் கூடாது, கொஞ்சம் குறைந்ததாகக்கூடத் தோன்றும். இம்பிளான்ட்டைப் பின்னால் எடுத்தாலும் பழைய இயற்கை விறைப்பு திரும்பாது. பம்ப் வகை வருடங்கள் போகப் போகப் பழுதாகி மறு ஆபரேஷன் தேவைப்படலாம். உறவுக்கு நாலு முதல் ஆறு வாரம் பொறுக்க வேண்டும். உறுப்புக்குப் போகும் ரத்தக் குழாயை ஒட்டுப்போடும் ஆபரேஷன் எல்லோருக்கும் இல்லை. விபத்தில் இடுப்பெலும்பு உடைந்து குழாய் அடைபட்ட இளைஞர்களில் சிலருக்கு மட்டும்தான்.

அந்த வாசகர் முதலில் இதயத்தைப் பரிசோதிக்கட்டும். உறுப்புக்குப் போகும் குழாய் இதயக் குழாயைவிடச் சிறியது, அடைப்பு அங்கேதான் முன்னால் தெரியும். லாட்ஜ் லேகியம் பக்கம் அவர் போகவே வேண்டாம். இப்படி விற்கும் ‘மூலிகை’ மருந்துகள் பலவற்றில் வயாகராவில் உள்ள அதே சில்டெனாஃபிலைக் கலந்திருப்பதைப் பரிசோதனையில் கண்டுபிடித்திருக்கிறார்கள். நெஞ்சுவலிக்கு சார்பிட்ரேட் போடுகிறவர் அதைச் சாப்பிட்டால் ரத்த அழுத்தம் சரசரவென்று இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

ஒரு யூராலஜி டாக்டரிடம் இதையெல்லாம் கேட்டு, செலவோடு சேர்த்து, அரைப் பக்கமாவது போடுங்கள். இடம் பத்தாது என்றால் அந்த வரி விளம்பரத்தை எடுத்துவிட்டுப் போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற செவிலியர், மதுரை
(பெயர் வெளியிட வேண்டாம்)