மருமகன் கையில் ரம்பத்தை எப்போது கொடுப்பது? அத்தானுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அத்தானுக்கு,

வணக்கம். மகனுக்கு 16 வயது நிறைந்துவிட்டது, தோளும் உரமேறிவிட்டது, இனி அவனை மரத்தில் ஏற்றி மிஷின் ரம்பத்தையும் பழக்கிவிடலாமா என்று தொலைபேசியில் கேட்டீர்கள். தாய்மாமன் என்ற உரிமையோடு பதில் எழுதுகிறேன். நம் பட்டுக்கோட்டைப் பக்கத்தில் இதே யோசனையில் இருக்கும் மற்ற குடும்பங்களும் படிக்கட்டும் என்றுதான் பொதுவில் எழுதுகிறேன்.

ரம்பம் இப்போது வேண்டாம். மரம் ஏறுவதைக் கயிற்றோடும் இடுப்புப் பட்டையோடும், நான் கீழே நிற்கும்போது மட்டும் சிறிது சிறிதாகப் பழகலாம். இரண்டையும் ஒரே பயிற்சியாக நினைப்பதால்தான் பிள்ளைகள் அடிபடுகிறார்கள்.

முதலில் சட்டம். 1986-ஆம் ஆண்டின் குழந்தைத் தொழிலாளர் சட்டம் 2016-இல் திருத்தப்பட்ட பிறகு, 14 முதல் 18 வயது வரை உள்ளவர்களை அபாயகரமானவை என்று பட்டியலிட்ட தொழில்களில் அமர்த்தக் கூடாது. பள்ளி நேரம் போகப் பிள்ளைகள் குடும்பத் தொழிலில் உதவலாம் என்ற சலுகையும் அபாயமான வேலைக்குக் கிடையாது. மரம் வெட்டுவது அந்தப் பட்டியலில் எங்கே வருகிறது என்று வாதாடுவதில் எனக்கு ஆர்வமில்லை. வெறும் தென்னை ஏறும் பயிற்சிக்கே தென்னை வளர்ச்சி வாரியம் 18 வயது நிறைந்தவர்களைத்தான் சேர்க்கிறது என்பதே, ரம்பம் வேண்டாம் என்று சொல்ல எனக்குப் போதுமானது.

இனி ஏறுவதைப் பற்றி. எந்தப் பையனும் ஏறிவிடுவான். கிளையை அறிந்து ஏறுகிறானா என்பதே நான் பார்ப்பது. புளியங்கொம்பு வளைந்து முனகி எச்சரிக்கும்; முருங்கை சத்தமில்லாமல் ஒடிந்துவிடும். உதி மரத்தின் பருமனைப் பார்த்து ஏமாறக் கூடாது, உதி பெருத்தாலும் உத்தரத்துக்கு ஆகாது என்று பெரியவர்கள் சும்மா சொல்லவில்லை. மழை பெய்த மறுநாள் பட்டையில் கால் வைக்கும் முன் உள்ளங்கையால் தேய்த்துப் பார்க்கிறானா? கிளைகளுக்குள் மறைந்து போகும் மின்கம்பியைத் தரையிலேயே தேடிவிட்டு, மின்வாரியத்தில் சொல்லி லைனை நிறுத்தியாயிற்றா என்று கேட்கிறானா? எல்லாவற்றுக்கும் மேலாக, பாதி உயரத்தில் நின்று, "மாமா, இந்தக் கெளை சரியாப் படல, நான் இறங்குறேன்" என்று கூட்டத்துக்கு நடுவே வெட்கப்படாமல் சொல்லும் பையனைத்தான் நான் தயாரானவன் என்பேன். மருமகன் இதுவரை அப்படி இறங்கி நான் பார்த்ததில்லை. அவனுக்குத் துணிச்சல் ஏராளமாக இருக்கிறது, அதுதான் என் கவலை.

ரம்பத்தின் கதை வேறு. முழு வேகத்தில் அதன் செயின் நொடிக்கு ஏறத்தாழ 20 மீட்டர் ஓடுகிறது. செயின் சுற்றி ஓடும் இரும்புப் பட்டையின் நுனியில் மேல்பாதி எதிலாவது முட்டினால், வெட்டுபவர் நினைத்துப் பார்ப்பதற்குள் ரம்பம் மேல்நோக்கி எகிறி முகத்துக்கும் கழுத்துக்கும் வரும். அந்த நேரத்தில் காப்பாற்றுவது கைவலிமையல்ல. முன்பிடியைச் சுற்றி இடது கட்டைவிரல் பூட்டியிருப்பது, செயின் பிரேக் வேலை செய்வது, தலையை வெட்டுக்கு நேராக வைக்காமல் ஒதுங்கி நிற்பது, இவைதாம். மழுங்கிய செயின் இன்னும் மோசமானது. மரத்தூள் செதிலாக விழாமல் பொடியாக விழத் தொடங்கியதும் நிறுத்தி அரம் போட வேண்டும். நேரமாகிறது என்று அழுத்தி வெட்டுகிறவன் கையில்தான் ரம்பம் வழுக்கும். மரத்தின் மேலே நின்று வெட்டும்போது, தன்னைத் தாங்கும் கயிற்றையே செயின் ஒரு நொடியில் அறுத்துவிடும். ஆகவே ஆளைத் தாங்கும் கட்டுகள் இரண்டு வேண்டும், ரம்பத்துக்குத் தனிக் கயிறு வேண்டும், இரண்டு கையும் ரம்பத்தில் இருக்க வேண்டும். தேர்ந்த ஆட்களே இதில் பிசகுகிறார்கள்.

2018 நவம்பர் 16 அன்று கஜா புயல் அடித்த பிறகு சாய்ந்து கிடந்த தென்னைகளைத் தாங்களும் பார்த்தீர்கள். விழுந்த மரம்தானே, இனி என்ன ஆபத்து என்று விடலைப் பிள்ளைகளின் கையில் மிஷினைக் கொடுத்தவர்கள் உண்டு. வேரோடு பெயர்ந்து சாய்ந்த மரத்தில் தண்டைத் துண்டித்த உடனே, பாரம் குறைந்த அடிக்கட்டை மண்ணும் வேருமாகச் சட்டென்று நிமிர்ந்து பழைய குழியிலேயே போய் உட்காரக்கூடும். அந்தக் குழியில் வேடிக்கை பார்க்கும் பிள்ளை நின்றால் நினைக்கவே முடியவில்லை. வளைந்து அமுங்கிய கிளையும் அறுத்த கணத்தில் விசையோடு தெறிக்கும். புயலில் விழுந்த மரம்தான் பழகுவதற்கு மிகக் கடைசி மரம்.

கோடை விடுமுறையில் அவனை என்னிடம் அனுப்பி வையுங்கள். தரையில் நின்று கயிறு பிடிக்கட்டும், முடிச்சுப் போடட்டும், வெட்டிய கிளையைக் கீழே இறக்குவதில் பங்கெடுக்கட்டும். இன்ஜின் அணைந்து ஆறிய பிறகு, கையுறை போட்டுக்கொண்டு செயினைக் கழற்றி மாட்டவும் ஒவ்வொரு பல்லாக அரம் போடவும் சொல்லித் தருகிறேன். 18 முடிந்ததும் தரையில் அசையாமல் கிடக்கும் கட்டையில் ரம்பம் பிடிக்கலாம். மரத்தின் மேல் ரம்பம் என்பதை அதற்கும் சில ஆண்டுகள் கழித்துப் பேசுவோம். அதுவரை தங்கள் வீட்டு மிஷினைப் பூட்டி வைப்பது நல்லது. அவன் தலை அளவையும் கால் அளவையும் எழுதி அனுப்பினால், தலைக்கவசமும் பூட்ஸும் இப்போதே வாங்கி வைக்கிறேன். அக்காவிடமும் இதைப் படித்துக் காட்டுங்கள்.

அன்புடன்,
தங்கள் மைத்துனன்