கடைசித் தவணையும் கட்டியாச்சு: தேன் தொழிலில் எனக்குக் கை கொடுத்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

போன வாரம் வங்கிக் கடனின் கடைசித் தவணையைக் கட்டி முடித்தோம். இனி ஷெட்டில் நிற்கிற மிஷின், டிரம், தராசு எல்லாம் முழுசாக நம்முடையவை. செய்தி தெரிந்ததும் "ஒத்தையா நின்னு சாதிச்சுட்டியே" என்று நிறைய பேர் கூப்பிட்டுச் சொன்னீர்கள், சந்தோஷம்தான். ஆனால் ஒத்தையாக நின்று நான் எதையும் செய்யவில்லை. இந்தத் தொழிலை நடத்த என்னிடம் இருக்கிற பழக்கம் ஒவ்வொன்றும் யாரோ ஒருத்தர் எனக்குக் கொடுத்தது, அது யார் யாரிடமிருந்து வந்தது என்று எழுதி வைக்க வேண்டும் என்று ரொம்ப நாளாக ஆசை. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஊரையும் முறையையும் மட்டும் சொல்கிறேன், அவரவருக்குத் தெரியும்.

முதலில் ஆற்றூர் பாட்டா. திருவனந்தபுரத்தில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து, தேன் வாங்கி விற்கப் போகிறேன் என்று அவரிடம் சொன்னபோது அவர் ஆமென்றும் சொல்லவில்லை, வேண்டாமென்றும் சொல்லவில்லை. நாளை வெள்ளன வா என்றார். போனேன். ரப்பர் மரங்களுக்கு நடுவே பெட்டிகள், எறும்பு ஏறாமல் இருக்க ஒவ்வொரு காலுக்கும் அடியில் தண்ணீர்க் கிண்ணம். தேங்காய் நாரைப் பற்றவைத்து லேசாகப் புகை காட்டி, மேல்தட்டைத் திறந்து, ஒரு சட்டத்தை ஈக்களோடு வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். அடையில் மேல்பாதிக் கண்ணறைகள் வெள்ளை மெழுகால் மூடியிருந்தன, கீழ்ப்பாதி திறந்து பளபளவென்று இருந்தது. "மக்களே, மூடி போடாத அடையில கை வைக்காதே, ஈச்சி இன்னும் வேலைய முடிக்கல்ல" என்று சொல்லி சட்டத்தைப் பழையபடி உள்ளே இறக்கிவிட்டார். அன்றைக்கு அவர் தேன் எடுக்கவே இல்லை.

அது என்ன பெரிய விஷயம் என்று தோன்றலாம். நம் கன்னியாகுமரி மாவட்டத் தேனில் பெரும்பகுதி ரப்பரில் இருந்து வருகிறது, அதுவும் பூவில் இருந்து அல்ல, இலை உதிர்ந்து புதுத் துளிர் விடும்போது இலைக் காம்பில் சுரக்கிற மதுரத்தில் இருந்து. துளிர் விடுகிற அந்தச் சில வாரங்களில் வரத்து அப்படிக் கொட்டும். வரத்து கொட்டுகிறதே என்று அவசரப்பட்டு எடுத்தால் தண்ணீர் அதிகமான தேன்தான் கிடைக்கும், கொஞ்ச நாளில் நுரைத்துப் புளிக்கும். தேனில் ஈரப்பதம் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பது உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் தரம். நான் ரிஃப்ராக்டோமீட்டர் என்கிற ஈரப்பதம் அளக்கும் கருவியில் ஒரு சொட்டு வைத்துப் பார்ப்பதைப் பாட்டா அடையைப் பார்த்தே சொல்லிவிடுவார், நான் பார்த்தவரை இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் வந்ததில்லை. சீசனில் கம்ப்யூட்டரைத் திறப்பதற்கு முன்னால் ஏதாவது ஒரு தோட்டத்துக்குப் போய் ஒரு பெட்டியையாவது பார்த்துவிட்டு வருகிற என் பழக்கம் அவர் போட்டது. ஆர்டர் குவிந்து கிடக்கும்போதும் "இந்த வாரம் சரக்கு இல்லை" என்று வாடிக்கையாளரிடம் சொல்ல எனக்குத் தைரியம் வந்ததும் அங்கேதான்.

பாட்டாவைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1991, 92ல் தாய்லாந்து சாக்புரூட் என்கிற தேனீ நோய் வைரஸ் வந்து, தேனீப் புழுக்கள் தோலுக்குள் நீர் கட்டி உப்பிச் செத்து, தென் தமிழ்நாட்டிலும் கேரளத்திலும் பெட்டி பெட்டியாகக் காலியானது. அந்தக் காலத்தில் தொழிலையே விட்டுப் போனவர்கள் எத்தனையோ பேர். அவர் காலிப் பெட்டிகளை விறகாக்காமல் பரண்மேல் அடுக்கி வைத்திருந்து, மரப்பொந்திலும் கல்லிடுக்கிலும் பிழைத்துக் கிடந்த கூட்டங்களைப் பிடித்துவந்து மறுபடியும் குடியேற்றினார். 1920களில் மார்த்தாண்டம் ஒய்.எம்.சி.ஏ.வில் ஸ்பென்சர் ஹாட்ச் தேனீ வளர்ப்பைக் கற்றுக்கொடுக்கத் தொடங்கிய கதையும், 2023ல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்த கதையும் பேப்பரில் வரும். இடையில் அந்த நோய்க் காலத்தில் கைவிடாமல் நின்றவர்கள் இல்லையென்றால் குறியீடு கொடுக்க இங்கே தேன் ஏது? மனசு தளரும்போதெல்லாம் நான் நினைத்துக்கொள்வது அவர்களைத்தான்.

களியல் அண்ணனுக்கு அடுத்த நன்றி. நான் ஏன் இதில் இறங்கினேன் என்று கேட்கிறவர்களுக்கு என் பதில் அவர்தான். பிப்ரவரியில் கொடுத்த தேனுக்கு ஓணம் கழிந்தும் பணம் வராமல், பிள்ளைக்குக் காலேஜ் ஃபீஸ் கட்ட அவர் நகையைக் கொண்டுபோய் அடகு வைத்ததை நான் பார்த்தேன். அந்த வியாபாரி யார் என்பது இங்கே வேண்டாம். தேன் கொண்டுவருகிறவருக்கு அன்றைக்கே பணம் என்று அப்போது எடுத்த முடிவை இன்றுவரை மாற்றவில்லை. அவர் கண்முன்னே எடை, அவர் கண்முன்னே ஈரப்பதம், சாயா குடித்து முடிப்பதற்குள் பணம் அவர் கணக்கில். எனக்கு முதல்முறை நம்பித் தேன் கொடுத்தவரும் அண்ணன்தான், பக்கத்து வீட்டுக்காரர்களையும் அவரே கூட்டி வந்தார்.

ஆனால் அன்றைக்கே பணம் கொடுக்க வேண்டுமென்றால் கையில் பணம் இருக்க வேண்டுமே! பிப்ரவரியில் இருந்து ஏப்ரல் வரை வாங்குகிறோம், விற்பதோ பன்னிரண்டு மாதமும். அதுவரை போட்ட காசு டிரம்முக்குள்தான் கிடக்கும். இதை எனக்கு உறைக்க வைத்தவர் எங்கள் கடன் மனுவைப் பார்த்த வங்கி மேடம். நான் மிஷின் விலைப்பட்டியலை நீட்டியபோது அவர் ஒரு வெள்ளைத்தாளை எடுத்து மாதங்களை வரிசையாக எழுதி, "ஜூலை மழையில உங்களுக்கு எவ்வளவு வரும், எவ்வளவு போகும், நீங்களே எழுதுங்க" என்று பேனாவைக் கையில் கொடுத்தார். எழுதி முடித்தபின் மிஷினுக்குக் கேட்ட தொகையைக் குறைத்து, நடைமுறை மூலதனத்தைக் கூட்டி மனுவை மாற்றினோம். மாதம் பிறந்தால் அதே மாதிரி ஒரு தாள் எழுதாமல் நான் எந்தச் செலவுக்கும் கையெழுத்துப் போடுவதில்லை. நாகர்கோவில் கோணம் மாவட்டத் தொழில் மையத்தில் பி.எம்.இ.ஜி.பி. என்கிற, தொழில் தொடங்க மானியத்தோடு வங்கிக் கடன் தருகிற மத்திய அரசுத் திட்டத்தைப் பொறுமையாக விளக்கிய சாருக்கும் நன்றி. ஊரகப் பகுதியில் பெண்கள் தொடங்கும் தொழிலுக்கு 35 சதவீதம் மானியம், நம் பங்கு 5 சதவீதம் போட்டால் போதும், மானியத் தொகை மூன்று ஆண்டுகள் வங்கியிலேயே நம் பெயரில் வைப்பாக இருக்கும் என்பதெல்லாம் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். தொழில் தொடங்க நினைக்கிற தங்கைகள் நேரில் போய்க் கேளுங்கள், இடைத்தரகர் யாருக்கும் காசு கொடுக்காதீர்கள்.

அந்த 5 சதவீதம் அம்மையின் சுயஉதவிக் குழுவில் இருந்து வந்தது. அம்மையிடம் இருந்து வந்தது காசு மட்டுமா? குழுவின் கணக்கு நோட்டை அம்மை எழுதுவதைச் சின்ன வயசில் இருந்தே பார்த்திருக்கிறேன், ஐந்து ரூபாய் இடித்தாலும் அதைக் கண்டுபிடிக்காமல் தூங்கப் போகமாட்டாள். எங்களுக்கு இப்போது கணக்கு மென்பொருள் இருக்கிறது, ஆடிட்டர் இருக்கிறார், ஆனாலும் ராத்திரி அன்றைய வரவு செலவை நோட்டில் கையால் எழுதிய பிறகுதான் எனக்குச் சாப்பாடு இறங்கும்.

பாக்கிங் பார்க்கிற அக்காவுக்கு என்ன சொல்ல? ஆரம்பத்தில் நான் ராத்திரி பகல் பார்க்காமல் ஷெட்டிலேயே கிடந்தபோது, ஆறு மணிக்கு மேல் ஒட்டுகிற லேபிள் கோணலாகத்தான் இருக்கும் என்று சொல்லி விளக்கை அணைத்து என்னை வீட்டுக்கு அனுப்பியவர். அப்புறம் ஷெட் ஆறு மணிக்குப் பூட்டிவிடும், ஞாயிறு திறக்காது. வடசேரி டீச்சர், தேன் பாட்டிலுக்குள் உறைந்துவிட்டது, சீனி கலந்திருக்கிறதா என்று நீங்கள் நேரடியாக ஃபோன் செய்து கேட்டதற்கு நன்றி. ரப்பர் தேன் சீக்கிரம் உறையும், அது அதன் இயல்பு, பாட்டிலை வெதுவெதுப்பான தண்ணீரில் வைத்தால் இளகிவிடும் என்று நாங்கள் ஒவ்வொரு பாட்டிலோடும் வைக்கிற சீட்டு உங்களுக்குச் சொன்ன பதில்தான், வரிக்கு வரி. வாடிக்கையாளர் ஃபோனை இன்றும் நானே எடுப்பது உங்களை மாதிரி கேட்கிறவர்களுக்காக.

கண்ணாடி பாட்டில் கடனுக்குக் கொடுத்த மார்த்தாண்டம் சந்தைப் பக்கத்து அண்ணாச்சி, லேபிளில் எழுத்துப்பிழை பார்த்துத் தந்த சித்தப்பா, சுங்கான்கடையில் வண்டி நின்றபோது டிரம்களைத் தன் லோடு ஆட்டோவில் மாற்றி ஏற்றி வந்து காசு வாங்காமல் போன தம்பி, உங்களுக்கும் ரொம்ப நன்றி.

வருகிற பிப்ரவரியில் முதல் எடுப்பு முடிந்ததும் உங்கள் எல்லார் வீட்டுக்கும் தேன் வரும், விலை கேட்டு யாரும் பணம் அனுப்ப வேண்டாம். அந்த வாரம் சனிக்கிழமை மத்தியானம் ஷெட்டில் மரச்சீனிக் கிழங்கும் மீன்கறியும். அம்மைதான் வைக்கிறாள், குடும்பத்தோடு வந்துவிடுங்கள். பாட்டாவைக் கூட்டிவர வண்டி நான் அனுப்புகிறேன்.

அன்புடன்,
உங்கள் தேன்காரப் பிள்ளை