ரோஸ்மேரி உயிரோடு போகட்டும், அக்கா

அன்புள்ள அக்கா,

இன்று 2025 ஆகஸ்ட் 5. நீல் கெய்மனின் படக்கதையை வைத்து எடுத்த 'தி சாண்ட்மேன்' தொடர் நெட்ஃப்ளிக்ஸில் வந்து சரியாக மூன்று வருஷம். போன வாரம், ஜூலை 31 அன்று, மரணமே உருவான டெத்தை வைத்து எடுத்த தனி எபிசோடும் வந்து தொடர் முடிந்துவிட்டது. படக்கதையில் உள்ள 'எ கேம் ஆஃப் யூ' பகுதியைத் தாண்டிக் குதித்துப் போய்விட்டார்கள். அதில் உங்களுக்கு எவ்வளவு கோபம் இருக்கும் என்று தெரியும். அதை இன்றைக்கு எடுக்க வேண்டாம்.

நம் திரைக்கதைப் பட்டறையில் டைனர் என்ற சிறு உணவகத்துக்குள் நடக்கும் ஆறாம் இதழையும், அதை எடுத்த ஐந்தாம் எபிசோடையும் மறுபடி பாடமாக வைக்கப் போகிறேன். நீங்கள் பட்டறையிலிருந்து நீக்கிவிட்ட பாடம். உங்களைக் கேட்காமல் முடிவு செய்ததற்கு மன்னித்துக்கொள்ளுங்கள். கேட்டால் வேண்டாம் என்பீர்கள், நானும் தலையாட்டிவிடுவேன். பழைய மாணவர்கள் இரண்டு பக்கமும் தனித்தனியாக வந்து விசாரிப்பதால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன். அவர்களும் படிப்பார்கள் என்பதால் சில இடங்களில் அளந்துதான் பேச முடியும்.

முதலில் அளந்து பேச வேண்டியது. கதாசிரியர் கெய்மன் மேல் பல பெண்கள் சொன்ன குற்றச்சாட்டுகளையும், சம்மதமில்லாமல் எதையும் செய்யவில்லை என்ற அவருடைய மறுப்பையும் நீங்கள் படித்திருக்கிறீர்கள். அதன் பிறகு, ஒரு எழுத்தாளன் கலைத்தேவதையைச் சிறைவைத்து வன்கொடுமை செய்யும் 'கல்லியோப்பி' கதையை வகுப்பில் விரித்து வைக்க உங்களுக்குக் கை வரவில்லை. எனக்கும் வரவில்லை, அதை நான் வைக்கவும் இல்லை. வன்கொடுமையைக் காட்டாமலே அந்தக் கதையை எபிசோடாக்கியிருக்கிறார்கள் என்பதை மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்கிறேன். பொதுவில் இதற்கு மேல் எழுத மாட்டேன். ஆனால் ஒன்று: ஐந்தாம் எபிசோடை எழுதியவர் அமேனி ரோஸா, தொடர் முழுவதையும் பொறுப்பேற்று நடத்திய ஷோரன்னர் ஆலன் ஹைன்பெர்க், இதழை வரைந்தவர்கள் மைக் டிரிங்கன்பெர்க்கும் மால்கம் ஜோன்ஸும், எழுத்து வடிவம் டாட் கிளைன். இத்தனை பேரின் வேலையையும் ஒருவர் பெயரோடு சேர்த்து மூட்டை கட்டி வைக்க என்னால் முடியாது. உங்களால் முடிந்தது. அதை நான் குறை சொல்லவில்லை. சொல்கிறேன் என்றே தோன்றினாலும் மன்னியுங்கள்.

பாடத்தை நீக்கியதற்கு நீங்கள் சொன்ன இரண்டாவது காரணத்தைத்தான் என்னால் ஏற்கவே முடியவில்லை. கனவுகளின் அரசனான ட்ரீமின் மாணிக்கத்தை வைத்துக்கொண்டு டைனரில் இருப்பவர்களை ஆட்டிவைக்கும் ஜான் டீயை மென்மையாக்கிக் கெடுத்துவிட்டார்கள் என்றீர்கள். நாலாம் எபிசோடில் அவனைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு வந்த ரோஸ்மேரி உயிரோடு போனதும் திரையை நிறுத்திவிட்டு, "இங்கேயே விழுந்துட்டாங்க" என்றீர்கள். வகுப்பே உங்கள் பக்கம் சாய்ந்தது. அந்த ஒரு வாக்கியத்துக்குத்தான் இத்தனை நாள் கழித்துப் பதில் எழுதுகிறேன்.

இதழில் ரோஸ்மேரிக்கு நடப்பது உங்களுக்கு மனப்பாடம். பேசிக்கொண்டே வருகிறார்கள், டீ பாவம் என்று நமக்கே பட ஆரம்பிக்கிறது, இறங்கும் நேரத்தில் சுட்டுவிடுகிறான். ஐந்தாம் இதழில் வருவது அது. அந்தக் குண்டு வாசகருக்குச் சொல்வது ஒன்றே: இவனிடம் கருணையை எதிர்பார்க்காதே. அடுத்த மாதம் ஆறாம் இதழைத் திறக்கும்போது டைனரில் இருப்பவர்கள் பிழைக்க மாட்டார்கள் என்பது தெரிந்தே உள்ளே போகிறோம். எப்படி, எந்த மணி நேரத்தில் என்பதுதான் பாக்கி. 24 பக்கத்துக்கு அந்தத் திகில் போதும். வேகம் வாசகர் கையில் இருக்கிறது, தாங்க முடியாவிட்டால் பக்கத்தைத் தள்ளிவிடலாம்.

திரையில் அது நடக்காது. ஐம்பது நிமிஷம் 'இவர்கள் சாகப் போகிறார்கள்' என்று மட்டும் தெரிந்து உட்கார்ந்திருப்பவர் இருபதாவது நிமிஷத்தில் மரத்துப்போவார், இல்லாவிட்டால் அணைத்துவிடுவார். அதனால் 'ஒருவேளை விட்டுவிடுவானோ' என்ற சந்தேகம் எபிசோட் முழுக்க உயிரோடு இருக்க வேண்டும். அதை டைனருக்குள் புதிதாக உண்டாக்க நேரம் கிடையாது, முந்தைய எபிசோடிலேயே விதைத்துவிட்டு வர வேண்டும். ரோஸ்மேரியை விடுவதோடு தன்னைக் காக்கும் தாயத்தையும் அவள் கையிலேயே கொடுத்து அனுப்புகிறான். இரண்டு வேலை ஒரே அசைவில்: இவனுக்குள் நல்லவன் ஒருவன் இருக்கிறான் என்று நாம் நம்புகிறோம், அவனும் காப்பில்லாமல் டைனருக்குள் நுழைகிறான். டேவிட் தியூலிஸ் குரலை உயர்த்தாமல் கண்ணியமாகக் கேள்வி கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கும் அந்த முதல் கால் மணி நேரம் முழுவதும் இந்த விதையின் மேல்தான் நிற்கிறது. நீங்கள் நிறுத்திய இடம், அக்கா, அஸ்திவாரம் தோண்டிக்கொண்டிருந்த இடம்.

அடுத்து நீங்கள் சொன்னது: இதழில் டீக்குக் கொள்கை கிடையாது, தொடரில் அவனுக்கு 'பொய்யில்லாத உலகம்' என்று ஒரு சித்தாந்தத்தை மாட்டிவிட்டார்கள். உண்மைதான். ஏன் மாட்ட வேண்டியிருந்தது என்று கணக்குப் போட்டுப் பார்த்தோமா?

ஆறாம் இதழில் ட்ரீம் கடைசியில்தான் வருகிறான். மாத இதழில் நாயகன் ஒரு மாதம் காணாமல் போகலாம், ஏழாம் இதழில் வந்து சண்டை போடலாம். தொடரில் ஆறையும் ஏழையும் ஒரே எபிசோடில் அடைத்திருக்கிறார்கள். பக்கத்துக்கு ஒரு நிமிஷம் என்று தாராளமாக வைத்தாலும் ஆறாம் இதழ் அப்படியே எடுத்தால் பாதி எபிசோடைத் தாண்டாது. மீதி நேரத்தில் மாணிக்கம் உடைகிறது, டீ தோற்கிறான், திரும்பத் தன் படுக்கைக்குப் போகிறான். ஐம்பது நிமிஷத்தில் பெரும்பகுதி காணாமல் இருந்த நாயகன் கடைசியில் வந்து பலத்தால் மட்டும் ஜெயித்தால், டைனரில் நடந்தது ஒரு கதை, கடைசியில் நடந்தது வேறு கதை என்று இரண்டாகப் பிளந்துவிடும். ட்ரீம் வரும்போது ஒரு பதிலோடு வர வேண்டும், அப்படியென்றால் டீ ஒரு கேள்வியோடு இருக்க வேண்டும். மனிதர்கள் பொய்யிலேயே வாழ்கிறார்கள், பொய்யை எடுத்துவிட்டால் என்ன என்பது டீயின் கேள்வி. நீ பொய் என்று பிடுங்கியது அவர்களுடைய கனவை என்பது ட்ரீமின் பதில். கனவுகளின் அரசனுக்கு இதைவிடப் பொருத்தமான பதில் எனக்குக் கிடைக்கவில்லை.

இந்த முடிவிலிருந்துதான் மற்ற எல்லா மாற்றமும் வருகிறது. மார்ஷைப் பாருங்கள். இதழில் லாரி ஓட்டுபவர், தொடரில் அந்த டைனரின் சமையல்காரர். லாரிக்காரர் சாப்பிட்டு முடித்ததும் கிளம்பிவிடலாம், ஏன் கிளம்பவில்லை என்று ஒவ்வொரு சீனிலும் காரணம் தேட வேண்டும். சமையல்காரருக்கு இடமே அதுதான். கத்தி, அடுப்பு, பின்கதவு எல்லாம் அவரோடு செட்டுக்குள் தானாக வந்துவிடுகின்றன. மார்க் வேலை கேட்டு நிற்கும் நிறுவனத்தின் தலைவியே கேட். அதனால் மேஜைக்கு மேஜை ஒரு பொய் தயாராக இருக்கிறது. டைனரில் பரிமாறும் பெட்டி, வாடிக்கையாளரான ஜூடிக்கு மார்க்கை ஜோடி சேர்க்கப் பார்க்கிறாள். இதழில் பெட்டி வாடிக்கையாளர்களை வைத்துக் கதை எழுதுவதும், எல்லோருக்கும் நல்ல முடிவு கொடுப்பதும் கேப்ஷனில், அதாவது கட்டத்துக்குள் வரும் விவரிப்பில், ஓடும். கேப்ஷனை அப்படியே பின்னணிக் குரலாக்கியிருந்தால் கெட்டுப்போயிருக்கும். அவள் மனதில் எழுதியதை வாழ்க்கையிலேயே செய்து பார்ப்பவளாக மாற்றியிருக்கிறார்கள்.

வகுப்பில் இதைத்தான் பயிற்சியாகக் கொடுக்கப் போகிறேன். ஒரு தாளில் நீளவாக்கில் நாலு பத்தி. முதல் பத்தியில் கட்டத்தின் எண். இரண்டாவதில் அந்தக் கட்டம் தரும் தகவல். மூன்றாவதில் அது கேப்ஷனா, பேச்சு பலூனா, வெறும் படமா. நாலாவதில் திரையில் அதைச் சுமக்கப் போவது யார்: நடிகரா, பொருளா, ஒலியா, ஒரு ஷாட்டிலிருந்து அடுத்ததுக்குத் தாவும் வெட்டா. நாலாவது பத்தி காலியாக இருக்கும் கட்டங்கள்தான் தழுவலின் உண்மையான வேலை. ட்ரீம் பேசும் கறுப்பு பலூன்களுக்கு நேராக எல்லோரும் முதலில் காலியாகத்தான் விடுவார்கள். டாட் கிளைன் கறுப்பின் மேல் வெள்ளை எழுத்தாகச் செய்ததை டாம் ஸ்டரிட்ஜ் தணிந்த குரலில் செய்ய வேண்டியிருந்தது.

பக்கம் திருப்பும் இடங்களையும் தனியாகக் குறிக்கச் சொல்வேன். அதிர்ச்சி இரட்டைப்படைப் பக்கத்தின் முதல் கட்டத்தில் விழும், ஏனென்றால் திருப்பினால்தான் அது தெரியும். திரையில் அதற்கு ஈடு வெட்டு. ஒன்றை எச்சரிக்க வேண்டும். பழைய மாத இதழில் நடுவில் விளம்பரப் பக்கங்கள் வரும், தொகுப்பில் வராது. அதனால் ஒரே பக்கம் ஒன்றில் இடப்புறமும் மற்றதில் வலப்புறமும் விழக்கூடும். எந்தப் பதிப்பு என்று தாளின் தலையில் எழுதாமல் குறித்தால் குறிப்பு முழுக்க வீண்.

ஆறாம் இதழின் 24 மணி நேரத்தைப் பிரிப்பதிலும் பையன்கள் தடுமாறுவார்கள். மணிக்கு ஒரு பக்கம் என்று சமமாக வெட்டுவார்கள். இதழ் அப்படி இல்லை. ஆட்களை அறிமுகப்படுத்தும் முதல் மணி நேரம் பக்கங்களைத் தின்கிறது, பின்னால் சில மணி நேரங்கள் ஓரிரு கட்டத்தில் போய்விடும். திரையிலும் நமக்கு ஆட்களைப் பிடித்த பிறகுதான் நேரத்தைத் தாவலாம். தாவும்போது ஜன்னலுக்கு வெளியே வெளிச்சம், சுவர்க்கடிகாரம், கோப்பையில் காபி மட்டம் மூன்றும் ஒன்றோடொன்று ஒத்துப்போக வேண்டும். ஒரே அறைக் கதை மலிவு என்று நினைப்பவர்களுக்கு இங்கேதான் சூடு விழும். சேதம் கூடிக்கொண்டே போகும், திரும்பாது. முடிந்தவரை கதை வரிசையிலேயே எடுக்க வேண்டும். முடியாவிட்டால் ஒவ்வொரு நடிகருக்கும் ஒரே உடுப்பில் குறைந்தது மூன்று ஜோடி வேண்டும்: சுத்தமானது, பாதி அழுக்கு, முழு ரத்தம். ரத்தம் படும் ஷாட்டுக்கு ரீடேக் போனால் அதற்கு மேலும்.

செல்போனை மறந்துவிட்டேனே. இதழில் ட்ரீம் சிறைப்பட்டிருப்பது 1916 முதல் 1988 வரை. தொடரில் நூறு வருஷத்தைத் தாண்டுகிறது, கதை நம் காலத்துக்கு வந்துவிட்டது. அப்படியென்றால் டைனரில் இருக்கும் எல்லோர் பையிலும் போன் இருக்கும், யாரும் ஏன் போலீஸைக் கூப்பிடவில்லை? கதவைப் பூட்டி, சிக்னலை வெட்டிச் சமாளிப்பது சோம்பேறி வழி. மாணிக்கம் அவர்களைக் கட்டிப்போடவில்லை, மனதில் இருந்ததைச் சொல்லவும் செய்யவும் விடுகிறது. அந்த மயக்கத்தில் இருப்பவருக்கு உதவி கேட்கவே தோன்றாது. நீங்கள் திட்டிய அந்தச் சித்தாந்தம்தான் இந்த ஓட்டையையும் அடைத்தது.

நீங்கள் சொன்னதில் சரியானதும் உண்டு, அதையும் எல்லோர் முன்னாலும் சொல்லிவிடுகிறேன். மிருகங்களைப் போல அவர்களை ஆட்டிவைக்கும் மணி நேரங்கள், டிவியில் குழந்தைகள் நிகழ்ச்சி நடத்துபவர் செய்யும் காரியம், இவற்றில் இருக்கும் அர்த்தமற்ற கொடூரம் இதழுக்கே உரியது. காரணம் இல்லாத தீமையைப் பார்த்தால் வரும் நடுக்கம் எபிசோடில் குறைந்துதான் போயிற்று. அது இழப்பு. எட்டாம் இதழையும் பதின்மூன்றாம் இதழையும் ஆறாம் எபிசோடில் சேர்த்திருக்கிறார்கள்; தொடர் வரும் முன்பே, இரண்டும் ஒரே நூலில் கோக்கக்கூடியவை என்று பலகையில் வரைந்து காட்டியவர் நீங்கள். அன்றைக்கு உங்களைப் போல இந்தப் படக்கதையைப் படிக்கத் தெரிந்தவர் யாரையும் நான் பார்த்ததில்லை, இன்றைக்கும் இல்லை. அவ்வளவு தெரிந்தவர் ஒரு சீனைப் பாதியில் நிறுத்திவிட்டு மீதியைப் பார்க்காமலே தீர்ப்பு எழுதியதுதான் எனக்கு ஆறவில்லை. இருபது பேர் அந்தத் தீர்ப்பை இன்னும் அப்படியே ஒப்பித்துக்கொண்டிருக்கிறார்கள்.

ஐந்தாம் எபிசோடை முழுக்கப் பாருங்கள். அதன் பிறகும் விழுந்துவிட்டார்கள் என்றால் எழுதுங்கள், உங்கள் மறுப்பையும் பாடத்தாளிலேயே சேர்க்கிறேன்.

ஆறாம் இதழுக்கு நீங்கள் போட்ட சீன் ஆர்டர் என்னிடம் இருக்கிறது. அதைவிட நல்லதை என்னால் போட முடியவில்லை, அதனால் அதையேதான் கொடுக்கிறேன். மேலே உங்கள் பெயர் இருக்கட்டுமா, எடுத்துவிடவா? வெள்ளிக்கிழமை ஜெராக்ஸுக்குக் கொடுக்க வேண்டும். பதில் வராவிட்டால் பெயரோடுதான் போகும்.

அன்புடன்,
உங்கள் தம்பி