மாக்குவும் மஃபீஷும்

மஆதி, கெய்ரோ

அன்பு நண்பா,

பாக்தாத்காரர்கள் ஒருவரை ஒருவர் பார்த்தால் "ஷக்கு மாக்கு" என்பார்கள், "என்ன உண்டு, என்ன இல்லை" என்று அர்த்தம் என்று குவைத்திலிருந்து நீ எழுதியது நினைவிருக்கிறதா? அந்த வரிசையிலேயே சொல்லிவிடுகிறேன். உண்டு: பேத்திக்கு இரண்டு பல், எனக்குக் காலையில் ஒரு மணி நேர நடை. இல்லை: சின்ன வெங்காயம். மகளும் மருமகனும் நலம். உன் கண் அறுவைச் சிகிச்சை நல்லபடியாக முடிந்ததில் பெரிய நிம்மதி. சொட்டு மருந்தை விட்டுவிடாதே.

போன கடிதத்தில் நீ எழுதிய ஒரு வரி மனதை அறுத்துக்கொண்டே இருக்கிறது. "பேசுகிற அரபிக்கு ஏது இலக்கணம்? அது கொச்சை. எழுதுகிறதுதான் அரபி." நீ இருபத்திரண்டு வருஷம் அந்த மொழியில் பிழைத்தவன், நான் வந்து ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆனாலும் இதை என்னால் ஒப்புக்கொள்ள முடியவில்லை. முப்பது வருஷம் தமிழ் இலக்கணம் நடத்தியவனுக்கு, இங்கே தெருவில் கேட்பதெல்லாம் இலக்கணமாகத்தான் கேட்கிறது.

வந்த புதிதில் மூலைக்கடையில் தயிர் இருக்கிறதா என்று கேட்கப் போய், நீ சொல்லித்தந்த "மாக்கு" என்பதைச் சொன்னேன். கடைக்காரருக்குப் புரியவில்லை. கையை விரித்துக் காட்டியதும், "மஃபீஷ்" என்று பொறுமையாக இரண்டு தடவை சொல்லித்தந்தார். இல்லை என்பதற்கு உன் ஊரில் ஒரு சொல், இந்த ஊரில் வேறொன்று. அன்றைக்குப் பிடித்தது இந்தப் பைத்தியம்.

எனக்கு ஆசான் எங்கள் கட்டடத்து பவ்வாப், அதாவது வாயிற்காவலர், அஸ்வான் பக்கத்து ஆள். வாசலில் பெஞ்சு போட்டு உட்கார்ந்திருப்பார், என்னை "யா உஸ்தாஸ்" என்றுதான் கூப்பிடுவார். அவர் வாயிலிருந்து பொறுக்கியதைக் கேள். கதப் என்றால் எழுதினான். எழுதவில்லை என்பதற்கு மகதப்ஷ். முன்னால் ஒரு 'ம', பின்னால் ஒரு 'ஷ்', நடுவில் வினை. எழுதுவதில்லை: மப்யிக்திப்ஷ். எழுதாதே: மதிக்திப்ஷ். ஆனால் எழுதமாட்டான் என்றால் அந்த இரட்டைப் பூட்டு கழன்றுவிடும், மிஷ் ஹயிக்திப். அந்த 'ஹ', போகிறவன் என்று பொருள்படும் 'ராயிஹ்' தேய்ந்து வந்தது. நாம் "எழுதப் போகிறான்" என்கிறோமே, அதே போக்கு.

பூட்டுக்குள் எவ்வளவு அடங்கும் தெரியுமா? மகதப்ஹலீஷ். "அதை எனக்கு அவன் எழுதவில்லை" என்ற முழு வாக்கியமும் ஒரே சொல்லில். எதை, யாருக்கு என்பவை எல்லாம் உள்ளே ஏறின பிறகு கடைசியில்தான் 'ஷ்' வந்து கதவைச் சாத்தும். ஒரு உறுப்பு இடம் மாறினால் சின்னப் பிள்ளைகூடத் திருத்துகிறது. இலக்கணம் இல்லாத இடத்தில் திருத்தம் எப்படி வரும்?

அந்த 'ஷ்' எங்கிருந்து வந்தது என்று தெரிந்தபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. பொருள் என்று அர்த்தம் தரும் 'ஷய்' தேய்ந்து ஒட்டிக்கொண்டதாம். முதலில் "ஒன்றும் எழுதவில்லை" என்று அழுத்திச் சொல்ல வந்த சொல், பிறகு அழுத்தம் போய் வெறும் எதிர்மறை உறுப்பாகிவிட்டது. நாமும் "நான் ஒண்ணும் சொல்லலையே" என்கிறபோது அந்த 'ஒண்ணும்' பாதி வழி வந்துவிட்டது. பிரெஞ்சில் காலடி என்று பொருள்படும் 'பா' இப்படித்தான் எதிர்மறைக்கு வந்தது. டென்மார்க்கின் மொழியியலாளர் யெஸ்பர்சன் 1917இல் இந்தச் சுழற்சியை விளக்கி எழுதினார்: பழைய எதிர்மறைச் சொல் மெலியும், துணைக்கு ஒன்று வரும், கடைசியில் துணைக்கு வந்ததே வேலையை எடுத்துக்கொள்ளும். அரபியில் அந்தச் சுழற்சியின் மூன்று கட்டங்களையும் இன்றைக்கே காதால் கேட்கலாம். டமாஸ்கஸில் 'மா' மட்டும், கெய்ரோவில் இரண்டும், பாலஸ்தீனர் சிலரிடம் 'ஷ்' மட்டும். எனக்கு வேண்டாம் என்பதையே எடுத்துக்கொள். உன் குவைத்தில் மாபி. டமாஸ்கஸில் மா பித்தி. பாலஸ்தீனத்தில் பித்தீஷ். இங்கே மிஷ் ஆவிஸ்.

'மிஷ்' பற்றித்தான் உன்னிடம் அதிகம் சொல்ல ஆசை. பெயரை மறுக்க மிஷ், வினையை மறுக்க ம-ஷ். நான் மருத்துவன் அல்லேன் என்றால் அனா மிஷ் தொக்தோர். நம் இலக்கணத்து 'அல்ல'வும் 'இல்லை'யும்தான் இது! வகுப்பில் தொண்டை வறள நான் சொல்லிக்கொடுத்த வேறுபாடு. "நான் டாக்டர் இல்ல" என்று நம் பேச்சில் அது எப்போதோ கரைந்துவிட்டது. நாம் தொலைத்ததுபோல ஒன்றை இங்கே காய்கறி விற்கிறவர் வாக்கியத்துக்கு வாக்கியம் கட்டிக்காக்கிறார். அதைக் கொச்சை என்று சொல்ல எனக்கு நா எழவில்லை.

இன்னொன்று. "மஃப்ஹிம்திஷ்" என்றால் புரியவில்லை, கேட்ட அந்த நேரத்தில் பிடிபடவில்லை என்று. "மிஷ் ஃபாஹிம்" என்றால் புரியாத நிலையிலேயே இருக்கிறேன். நான் முதலாவதைச் சொன்னால் பவ்வாப் அதையே திரும்பச் சொல்வார். இரண்டாவதைச் சொன்னால் வேறு விதமாக விளக்குவார். சத்தியம் பண்ணும்போது 'ஷ்' விழுந்துவிடும்: "வல்லாஹி மா ஷுஃப்த்", ஆணையாக நான் பார்க்கவில்லை. ஆணையே அழுத்தம் தந்துவிடுவதால் 'ஷ்' தேவைப்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது.

எழுத்து அரபியின் அழகை நான் குறைக்கவில்லை. லா யக்துபு, லம் யக்துப், லன் யக்துப: நிகழ்காலம், இறந்தகாலம், எதிர்காலம் மூன்றின் மறுப்பையும் முன்சொல்லே சுமக்கிறது, வினையின் கடைசி உயிர் மட்டும் அசைகிறது. அது வேறு அமைப்பு. அவ்வளவே.

நம் ஆட்கள் பேசியதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். வளைகுடாவில் தமிழர், மலையாளி, வங்காளி, அரபு மேஸ்திரி எல்லாரும் சேர்ந்து உண்டாக்கிய பேச்சு: "அனா மாஃபீ ரூஹ்" என்றால் நான் போகவில்லை, "மாஃபீ மாலூம்" என்றால் தெரியாது. இருப்பை மறுக்கும் 'மாஃபீ' ஒன்றையே எல்லா வினைக்கும் முன்னால் வைத்துவிட்டார்கள். இதற்கும் ஒழுங்கு உண்டு, ஆராய்ந்தும் எழுதியிருக்கிறார்கள்.

அதனால் ஒரு உதவி கேட்கிறேன். உன் முகாமில் நீங்கள் பேசிய வாக்கியங்கள் நினைவு வர வர ஒரு நோட்டில் எழுதி வை. யார் யாரிடம் சொன்னது என்பதும் வேண்டும். முக்கியமாக இது: 'பரூஹ்' என்றால் இங்கே போகிறேன், வழக்கமாகப் போவேன் என்று பொருள். குவைத்தியர் வாயில் அதே சொல் இனிமேல் போவேன் என்றாகும். நீங்கள் அந்த 'ப'வை வைத்துப் பேசினீர்களா, வெறும் 'ரூஹ்' என்றே எல்லாக் காலத்துக்கும் ஓட்டினீர்களா?

கண் முழுக்கத் தெளிந்த பிறகு எழுதினால் போதும். வீட்டில் அனைவருக்கும் என் அன்பு.

உன்
பழைய பெஞ்சுக்காரன்