கட்டிலுக்கடியில் ஏழு பெட்டிகள்

கெஃப்லாவிக், ஐஸ்லாந்து, 14 டிசம்பர் 2024

அன்பு மகளே,

கோபன்ஹேகனில் ஒரே மழையும் காற்றுமாமே. சைக்கிளில் முன்னும் பின்னும் விளக்குப் போட்டுக்கொள். இரவுப் பணி முடிந்து தூக்கக் கலக்கத்தில் ஓட்டாதே.

இங்கே எரிமலை ஒருவழியாக அடங்கிவிட்டது. நவம்பர் 20 அன்று கிளம்பியது இந்த வருடத்தில் மட்டும் ஆறாவது. நீலக் குளத்தில் வெந்நீர்க் குளியலுக்கு வருவோர் கார் நிறுத்துமிடத்தையே லாவா மூடிவிட்டது. பிப்ரவரியில் வெந்நீர்க் குழாயை அது அறுத்த அன்று, அம்மா பின்னிய ஸ்வெட்டர் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டு படுத்திருந்தேன். அன்று நீ மூன்று முறை கூப்பிட்டாய்.

புது ஜனாதிபதியாக ஹல்லா தோமஸ்தோத்திர் வந்துவிட்டார். நாடாளுமன்றத் தேர்தலும் முடிந்தது. எரிமலையால் ஊரே காலியானதில், நம் கிரின்டாவிக் கூடைப்பந்து அணி சொந்த ஊரில் ஆட முடியாமலே இறுதிப்போட்டி வரை போனது! வாலூரிடம் தோற்றாலும் எனக்குப் பெருமைதான். உன்னைப் பற்றியும் எல்லோரிடமும் பெருமையாகத்தான் சொல்கிறேன். கிறிஸ்துமஸுக்கு வருகிறாளா என்று கேட்டால்தான் பேச்சை மாற்றுகிறேன். மே மாதத்திலிருந்து ஒரு போன்கூட இல்லை. அப்பாவிடம் இவ்வளவு கோபமா?

சரி, நம் கிரின்டாவிக் வீட்டை அரசுக்கு விற்ற விஷயம். தீக்காப்பீட்டு மதிப்பில் 95 சதவீதம் கொடுத்தார்கள், பணத்தில் குறையில்லை. அந்த வாரமே கையெழுத்துப் போடச் சொன்னார்கள் என்றேனே, அது பொய். யாரும் அவசரப்படுத்தவில்லை. கோடையில் வந்து ஒருமுறை பார்க்கிறேன் என்று நீ கேட்டது சின்ன விஷயம். ஜனவரி 14 அன்று ஊர் ஓரத்தில் மூன்று வீடுகள் எரிவதை டிவியில் பார்த்ததிலிருந்து எனக்கு அந்த வாசலில் கால் வைக்கத் துணிவில்லை. சாமான் எடுக்கப் போனபோதும் லாரியிலேயே உட்கார்ந்திருந்தேன். உன் அறையில் இருந்ததையெல்லாம் பக்கத்து வீட்டுப் பையன்கள்தான் அள்ளிக்கொண்டு வந்தார்கள். இத்தனை வருடம் கடலுக்குப் போனவன், பயமாக இருக்கிறது என்று பெற்ற மகளிடம் சொல்ல வெட்கப்பட்டேன்.

உன் சாமான்கள் ஏழு பெட்டி. என் கட்டிலுக்கடியில் இருக்கின்றன, பிரிக்கவில்லை. ஒன்று மட்டும் சரியாக மூடவில்லை. மேலேயே ஸ்கூலியின் கழுத்துப்பட்டை கிடக்கிறது, கொக்கியில் இன்னும் கறுப்பு மயிர் ஒட்டியிருக்கிறது.

சோபாவை விரித்தால் கட்டிலாகும். 23ஆம் தேதி வழக்கம்போல இந்த மாடி முழுக்க ஸ்கேட் மீன் வேகும் நாற்றமாக இருக்கும், உனக்கு ஆகாது. மறுநாள் வா. பஸ் வேண்டாம், விமான நிலையத்துக்கு நானே வருகிறேன்.

சைக்கிள் விளக்கு, மறக்காதே.

அப்பா