ஞாயிறு கூடுகை: இந்த முறை கேனபி வேலை

வணக்கம் நண்பர்களே. வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு வழக்கம்போல பெரம்பூர் மொட்டைமாடி அறையில் கூடுகிறோம். இந்த முறை விமான மாடல்களின் கேனபி, அதாவது காக்பிட்டை (விமானி அறையை) மூடும் கண்ணாடிக் கூடு; கண்ணாடியை டேப்பால் மறைத்து, அதன் சட்டங்களுக்கு மட்டும் பெயின்ட் அடிக்கப்போகிறோம். ஸ்பிட்ஃபயர் போர் விமானம் கட்டுபவர்கள் கொடுத்துவைத்தவர்கள், சட்டங்கள் குறைவு. ஜீரோ போர் விமானத்தில் சட்டங்கள் ஏராளம், அதை வைத்திருப்பவர்கள் மதியச் சாப்பாட்டையும் கட்டிக்கொண்டு வாருங்கள்.

புது பிளேடு, ட்வீசர், பல்குச்சி, மாடலுக்கான மெல்லிய மஞ்சள் டேப் அவசியம். ஹார்டுவேர் கடை டேப் வேண்டாம். தடிமனாக இருக்கும், வளைவில் உட்காராது.

டேப்பை அப்படியே ஒட்டாதீர்கள். அதன் ஓரத்தில் தூசு படிந்திருக்கும். கண்ணாடித் துண்டின் மேல் ஒட்டி, ஓரத்தை வெட்டி எறிந்துவிட்டு, புது விளிம்பிலிருந்து மெல்லிய கீற்றுகளாக எடுங்கள். கீற்றுகளைக் கேனபிக் கண்ணாடியில் சட்டத்தின் ஓரமாக ஒட்டி, பல்குச்சியால் அழுத்தித் தேய்த்தால் விளிம்பு பளிச்சென்று தெரியும். நடுவில் மிஞ்சும் இடத்தை மாஸ்கிங் திரவத்தால் (பெயின்ட் படாமல் மறைக்கும் திரவம்) நிரப்பினால் போதும்.

முதலில் காக்பிட் உள்நிறம், அப்புறம்தான் வெளிநிறம். உள்ளிருந்து பார்த்தால் சட்டம் உள்நிறத்தில் தெரிய வேண்டுமே! இரண்டையும் மெல்லிய பூச்சாக அடியுங்கள்; ஒரேயடியாக ஈரமாக அடித்தால் பெயின்ட் டேப்புக்கு அடியில் புகுந்துவிடும். கடலோரம் ராயபுரம், காசிமேடு பக்கம் இருப்பவர்கள் லாக்கர் வகைப் பெயின்ட்டை வெயில் ஏறிய பிறகு அடிப்பது நல்லது. ஈரக்காற்றில் அது பால்போல வெளுக்கும்.

பெயின்ட் காய்ந்ததும் டேப்பைப் பின்னோக்கி மடித்து மெதுவாக உரியுங்கள். வாரக்கணக்கில் விட்டால் பசை தங்கிவிடும்.

கேனபியை ஒட்ட வெள்ளை ஃபெவிகால்தான். சூப்பர் க்ளூவின் ஆவி பட்டால் கண்ணாடி மங்கிவிடும், அதைக் கொண்டுவரவே வேண்டாம்.

வருகிறவர்கள் சனிக்கிழமை இரவுக்குள் குழுவில் சொல்லிவிடுங்கள்.